‘பிக்’குக்குப் பதிலாக வரும் சொற்கள்

ஒரு பிள்ளைக்கு எத்தனை ஆங்கிலச் சொற்கள் தெரிந்தால் தாய்க்குப் போதும்? எனக்கு இன்னும் தெரியவில்லை.

நேற்று என் ஆறு வயது மகள், ‘பிக்’குக்குப் பதிலாக வரும் சொற்களைப் பாடமாக்கினாள். “லார்ஜ், ஹியூஜ், ஜயன்ட்…” என்று இழுத்தாள். சின்ன வயதில் குருக்கள்மடத்து வீட்டில் நானும் அப்படித்தான் இழுப்பேன். ஒருநாள் அடுக்களையில் இறால் பொரியும் மணம். லண்டனிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். இறால் உரித்துக்கொண்டிருந்த அப்பா, கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு என்னை முன்னால் நிறுத்தினார்.

“பெரியப்பாக்குச் சொல்லிக் காட்டு மகள்.”

ஒப்பித்தேன். என் பள்ளிக்கூடம் எவ்வளவு பெரிது என்று பெரியப்பா ஆங்கிலத்தில் கேட்டார். அந்தக் கேள்வியில் ‘பிக்’ மட்டுமே எனக்குப் பிடிபட்டது. மறுபடியும் “லார்ஜ், ஹியூஜ்” என்று தொடங்கினேன்.

“கிளியொண்டு வளக்கிறாய் போல, தம்பி.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“புள்ளைக்கு வெக்கம் அண்ணன்” என்று சொல்லி அப்பா குனிந்துகொண்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதெல்லாம் நினைவிருந்தும், நேற்று மாலை பக்கத்து வீட்டு அக்கா வந்ததும் மகளைக் கூப்பிட்டு ஒப்பிக்க வைத்தேன். இன்று வாசல் படலை திறந்த சத்தம் கேட்டதும் அவள் குளியலறைக்குள் ஓடிப்போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

“ஆக்கள் போனாப்பிறகு வாறன் அம்மா.”

வந்தவர் அவளுடைய அப்பாதான்.

பாடத்தை விட்டால் வகுப்பில் பின்தங்கிவிடுவாளோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. ஆனால் இனி யார் முன்னாலும் அவளை அப்படி நிறுத்தமாட்டேன். அதை அவள் நம்பும்படி எப்படிச் சொல்வது? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லித் தாருங்கள்.