புகைக்குழாயில் ஒரு குளவிக்கூடு

மண்ணைச் சுமந்து வரும்போது குளவி எழுப்பும் ஓசை வேறு, வந்து அதைப் பூசும்போது எழுப்பும் ஓசை வேறு. பின்னது பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவது போலிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இப்போது எந்த வேலை நடக்கிறதென்று ஒன்பது வயதில் என்னால் சொல்ல முடியும்.

உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டில் பிள்ளைகள் நிறைந்து வழிந்தோம். பக்கத்து வளவிலிருந்த சின்னம்மா வீட்டில் ஒரு பிள்ளையும் இல்லை. மழைக்கு வரும் சிவப்புத் "தம்பளப்பூச்சி"யை நெருப்புப்பெட்டிக்குள்ளும் "மயிர்க்கொட்டி"ப் புழுவைப் போத்தலுக்குள்ளும் வைத்துக்கொண்டு திரிந்த என்னை, "பூச்சிக்காரி" என்று அம்மா விரட்டும்போதெல்லாம் நான் அடைக்கலம் புகுந்தது அங்கேதான். சின்னம்மா என் பூச்சிகளுக்கும் சேர்த்தே கதவைத் திறந்துவிடுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம், மாரி முழுக்கத் தாழ்வாரத்தில் சும்மா கிடந்த நீரிறைக்கும் "மெசினை" எடுக்கப் போன சித்தப்பா, அதன் புகைக்குழாயின் வாயைக் குளவி மண்ணால் அடைத்து வைத்திருப்பதைக் கண்டார். ஈர்க்கால் ஒரு குத்துக் குத்தியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சின்னம்மாவோ கலியாணம் முடித்த நாளிலிருந்து அதற்காகக் கோயில் கோயிலாக ஏறி இறங்கியவர்.

"இஞ்சேருங்கோ, அதில கை வையாதேங்கோ," என்றார். "அதுகள் பறக்குமட்டும் மெசின் வேண்டாம்."

மிளகாய்க் கன்றுகள் ஏற்கனவே வாடத் தொடங்கியிருந்தன. சித்தப்பா கையிலெடுத்த ஈர்க்கைப் போட்டுவிட்டு வாளியை எடுத்தார். பக்கத்துக் காணிக்காரர் குளவியிடம் வாடகை வாங்கச் சொல்லிக் கேலி செய்தபோதும் சிரித்துவிட்டுக் கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றினார். கிணற்றுக்குக் கிட்ட நின்ற கன்றுகள் தப்பின, தூரத்தில் நின்றவை கருகின.

எனக்கோ கொண்டாட்டம். மெசினுக்கு முன்னால் குப்புறப் படுத்தே கிடந்தேன். குளவி பழைய கூட்டுக்குப் பக்கத்தில் இன்னுமோர் அறை கட்டி, பச்சைப் புழுவொன்றைத் தூக்கி வந்து உள்ளே தள்ளியது. அது எதற்கு என்று, பக்கத்தில் வந்து குந்திய சின்னம்மாவிடம் கேட்டேன்.

"வேற ஒண்டின்ர பிள்ளையைக் கொண்டு வந்து, கொட்டிக் கொட்டித் தன்ர பிள்ளையாக்குது," என்றார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

சில கிழமைகளில் மண்ணில் துளை விழுந்து, குளவிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நான் கூப்பிட்ட கூப்பாட்டில் சின்னம்மா மா அப்பிய கையோடு ஓடிவந்து பார்த்தார். அன்று அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அந்த வருடம் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகும் நடக்கவில்லை. பெரிய வகுப்பில் விலங்கியல் படித்தபோது, அந்தப் புழு குளவிக் குஞ்சுக்குச் சாப்பாடு என்று தெரிந்துகொண்டேன். சின்னம்மாவிடம் சொல்லவில்லை. எல்லா உண்மையையும் எல்லோரிடமும் சொல்லித்தான் ஆகவேண்டுமா என்ன?

சித்தப்பா இப்போது இல்லை. மெசின் யுத்தகால இடப்பெயர்வில் எந்தத் தெருவோரத்தில் விடுபட்டதோ தெரியாது; மிளகாய் நின்ற காணியைப் பற்றை மூடிவிட்டது. சின்னம்மா வவுனியாவில் என்னோடு இருக்கிறார். போன மாதம் கிளினிக்கில், கூட வந்திருப்பது யாரென்று தாதி கேட்டார். அக்காவின் மகள், "பெறாமகள்" என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் சின்னம்மா முந்திக்கொண்டார்.

"என்ர மகள்," என்றார்.