கரி பஸ்ஸில் பெண் பார்க்கப் போனது

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. மேலூர் பஸ்ஸின் முதுகில் பீப்பாய் போல ஓர் அடுப்பைக் கட்டி, கரிப்புகையில் ஓட்டினார்கள். அன்று மேலூரில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு. வெள்ளை வேட்டி சட்டையோடு மதுரையில் ஏறி உட்கார்ந்தேன். கரி நமத்துப் போயிருந்தது, பற்றவே இல்லை. கண்டக்டர் பின்னால் நின்று அடுப்புக்குக் காற்று ஊதும் காற்றாடியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

“இன்னும் எம்புட்டு நேரம்ணே?”

“இந்தா பத்திருச்சு தம்பி, கிளம்பிருவோம்.”

இதையே நாலைந்து தடவை சொல்லிவிட்டார். இருப்புக் கொள்ளவில்லை. கோபம் தலைக்கேறி, இறங்கி நடக்க ஆரம்பித்தேன்.

ஊரைத் தாண்டியதும் பின்னால் உறுமல் கேட்டது. கை காட்டினேன்.

“நிறுத்துனா மறுபடி கிளம்பாது தம்பி, ஓடியாந்து ஏறுங்க!” என்று கத்திக்கொண்டே டிரைவர் என்னைக் கடந்து போனார். ஓடினேன், புகைதான் கிடைத்தது.

அடுத்த மேட்டில் பஸ் நின்றிருந்தது. எல்லாரும் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மூச்சிரைக்க வந்து சேர்ந்த என்னைக் கண்டதும் கண்டக்டருக்கு ஒரே சந்தோஷம்.

“டிக்கெட் எடுத்த ஆளுதான? வாங்க, தள்ளுங்க!”

எனக்கு மிஞ்சியிருந்தது அடுப்புப் பக்கம்தான்.

பெண் வீட்டார் பலகாரத் தட்டை நீட்டும் முன்னால் சோப்பை நீட்டினார்கள்.