கேட் போட்டால் நிற்கும் எருமை

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ரயில்வே கேட் கம்பத்துக்குப் பட்டை அடித்தது. வெள்ளை எனக்கு, சிவப்பு அவளுக்கு. காய்வதற்குள் மேக் வந்து விலாவைத் தேய்த்துவிட்டுப் போனான். கறுத்த எருமையின் விலாவில் சிவப்புக் கோடு. அம்மா திட்டவில்லை. அவனுடைய மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

"இத்துப் போச்சுடி. சனிக்கிழமை சந்தையில புதுசு வாங்கணும். பச்சைக் கயிறு."

அந்த வியாழக்கிழமை அவள் இதயம் நின்றுவிட்டது.

அம்மா பெயர் புவாலாய். சுரின் நகரத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன கேட்டில், நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பிருந்தே கேட் கீப்பர். நான் கோராட் நகரத்தில் ரயில்வே சிக்னல் பிரிவில் இன்ஜினியர். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ரயிலை நிறுத்துகிறவர்கள் என்று எல்லோரிடமும் சொல்வாள். அவள் நிறுத்துவது சாலையைத்தான். திருத்தினால் காதில் வாங்க மாட்டாள்.

மேக் முதலில் பக்கத்து வீட்டுக் கம்பான் பெரியவருடைய எருமை. தினமும் தண்டவாளம் கடந்து வயலுக்குப் போவான். மணி அடித்தால் கேட்டின் முன் நிற்பான். மோட்டார் சைக்கிள்காரர்கள் குனிந்து நுழைந்து போவார்கள். அவன் மட்டும் அசைய மாட்டான். ஒரு கல்லூரிப் பெண் அதைக் கைப்பேசியில் எடுத்துப் போட்டாள். நாடே பார்த்தது. எங்கள் ஊரில் முட்டாளைத் திட்ட எருமை என்போம். அந்த வாரம் ஆயிரக்கணக்கானவர்கள் எருமைகளிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள்.

நிருபர் வந்தபோது அம்மா உண்மையைச் சொன்னாள். மணி அடித்ததும் அவனுக்கு வாழைப்பழத்தோல் கொடுப்பாள், அதற்காக நிற்கிறான். நிருபர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். 'சட்டத்தை மதிக்கும் எருமை' என்று செய்தி வந்தது.

அதே மாதம் கம்பானுக்கு முழங்காலில் அறுவை. மேக்கை மாட்டு வியாபாரியிடம் விற்றுவிட்டார். கறிக்குப் போகிற மாட்டை மீட்டு ஏழை விவசாயிக்குக் கொடுப்பது எங்கள் பக்கம் பெரிய புண்ணியம். பாங்காக்கில் சிரின்யா என்ற பெண் பணம் திரட்டி, மேக்கை மீட்டு, லாரியில் ஏற்றினாள். வியாபாரியின் தொழுவத்திலிருந்து நெடுஞ்சாலைக்குப் போக எங்கள் கேட்டைத் தாண்டியாக வேண்டும்.

அன்று நான் விடுப்பில் வந்திருந்தேன். சரக்கு ரயில் கிளம்பிவிட்டதாக ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. லாரி தெரிந்ததும் அம்மா மணியை அடித்துக் கேட்டைப் போட்டாள். விதியில் இடம் உண்டு. அவ்வளவு சீக்கிரம் போட வேண்டிய அவசியம் இல்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சிரின்யா இறங்கி வந்தாள். "அக்கா, ரயிலையே காணோமே. கொஞ்சம் தூக்குங்களேன்."

"வரும்மா. எங்க கொண்டு போறீங்க இவன?"

வடக்கே 'நான்' என்கிற மாகாணத்தில், மலையடிவாரத்தில் ஒரு ஏழை விவசாயிக்கு என்றாள்.

"அங்க ரயில் இருக்கா?"

"இல்லக்கா."

"அப்ப இவன் எங்க போய் நிப்பான்?"

சிரின்யா சிரித்தாள். லாரியில் மேக் சிரிக்கிற நிலையில் இல்லை. மணி கேட்டதும் கட்டைகளுக்கு நடுவே மூக்கை நீட்டிக் கேட் கீப்பர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா தோலை எடுத்துப் போய் ஊட்டினாள்.

"அப்ப இதுக்குத்தான் நின்னானா?"

"பின்ன, உங்க சட்டத்துக்கா?"

பிறகு அம்மா விஷயத்துக்கு வந்தாள். "ஏழை விவசாயியத் தேடி அவ்ளோ தூரம் போறீங்களே. வித்தவன் யாரு?"

விற்றவருக்கே திருப்பிக் கொடுக்க அவர்கள் விதியில் இடமில்லையாம். கொடுத்தால் மறுபடி விற்பார்கள். நியாயம்தான் என்று அம்மா ஒத்துக்கொண்டாள். கேட்டைத் தூக்கவில்லை.

"எனக்கு வீட்டுக்குப் பின்னால துண்டு நிலம் இருக்கு. நானும் ஏழைதான். உழத் தெரியாது, அது இவன வித்த கம்பானுக்குத் தெரியும். என் பேர்ல எழுதுங்க. விக்க மாட்டேன், வெட்ட மாட்டேன்."

"நீங்க இல்லாத காலத்துல?"

அம்மா என்னைக் காட்டினாள். "இந்தா, இன்ஜினியரம்மா இருக்கா."

என்னை யாரும் கேட்கவில்லை. சிரின்யா யாருக்கோ போன் செய்து நீண்ட நேரம் பேசினாள். சரக்கு ரயில் போனது. கேட்டைத் தூக்கியபோது லாரி நேரே போகவில்லை. பின்வாங்கி வந்து எங்கள் நிலத்து ஓரத்தில் நின்றது. பலகை வைத்து மேக்கை இறக்கினார்கள். அவன் திரும்பிப் பார்க்காமல் மேயப் போனான்.

தகனம் முடிந்த மறுநாள் கேட்டில் புது ஆள். இளைஞன், நல்லவன். மணி அடித்தான். மேக் வந்து நின்றான். அந்த இளைஞனுக்குத் தோல் விஷயம் தெரியாது. நான் தோலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கம்பான் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். மூக்கணாங்கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இது ரொம்ப நாள் தாங்காது பாப்பா. உங்கம்மா வாங்கறேன்னு சொன்னா."

"தெரியும் பெரியப்பா."

சந்தை சனிக்கிழமை. பச்சைக் கயிறு.