எட்டாத மூலை

செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி நாற்பத்தொரு நிமிடம்.

நேரம் சரியாகத் தெரியும். ஓட்டுகிற ஒவ்வொரு வண்டிக்கும் நோட்டில் நேரம் எழுதுவது என் பழக்கம். அந்த நோட்டு இப்போதும் என் பையில் இருக்கிறது. பேய் என்றால் இருட்டிய பிறகுதான் வரும் என்று நினைப்பவர்களுக்கு இதில் ஏமாற்றம்தான். எனக்கு நடந்தது பகலில். ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நடந்ததற்கு மேல் ஒரு வரிகூட நான் சேர்க்கவில்லை. சேர்க்கலாம் என்றால் வேறு முடிவைச் சேர்த்திருப்பேன்.

நான் பல் செட் செய்கிறவன். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து வீட்டிலேயே செய்து கொடுப்பேன். காலையில் பல், மதியத்துக்கு மேல் பொம்மை ரயில். பின்னறையை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு மேஜை. அதன்மேல் தண்டவாளம், இரண்டு ஸ்டேஷன், ஒரு பாலம், ஒரு மலை. மலை, பல் அச்சுக்கு ஊற்றும் பிளாஸ்டரில் செய்தது. பெட்டி ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். இந்த வயதில் இது என்ன விளையாட்டு என்று கேட்டவர்கள் உண்டு. என் மனைவி கேட்டதில்லை. சாப்பிடக் கூப்பிடும்போது மட்டும், "ரயில்வே மந்திரி வர்றாரா, இல்ல தட்டை ஸ்டேஷனுக்கே அனுப்பவா?" என்பாள்.

மேஜையைக் கட்டும்போது ஒரு தவறு செய்தேன். முதல்முறை ரயில் மேஜை கட்டுகிற எல்லோரும் செய்யும் தவறு. மூலை எட்டவில்லை. ஓரத்தில் நின்று கையை நீட்டினால் எழுபது சென்டிமீட்டர் போகும். மலைக்குள் இருக்கிற குகையின் வளைவு நூற்றுப்பத்தில் இருந்தது. அங்கே தண்டவாள இணைப்பு ஒன்று மயிரிழை தூக்கி நின்றது. பிளாஸ்டர் காய்ந்த பிறகுதான் அது தெரிந்தது. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை கடைசிப் பெட்டி அங்கே தடம் புரளும்.

மலையை உடைக்க மனம் வரவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து பலகையில் வட்டமாக ஒரு துளை வெட்டினேன். இரண்டு சட்டங்களுக்கு நடுவே கிடைத்த இடம் அவ்வளவுதான். என் கை பாதியில் மாட்டிக்கொண்டது. அவள் கை முழங்கை தாண்டிப் போனது.

அதன்பிறகு பெட்டி புரண்டால் அவளைக் கூப்பிடுவேன். அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். மேஜைக்கு அடியில் மல்லாந்து படுப்பாள். வலது கையைத் துளை வழியாக மேலே விட்டு, பார்க்காமலே பெட்டியைத் தூக்கித் தண்டவாளத்தில் வைப்பாள்.

"கிரேன் வந்தாச்சு. கூலி என்ன?"

"ஒரு டீ."

"போன தடவையும் டீதான் சொன்னீங்க. இன்னும் வந்து சேரல. வண்டி லேட்டா?"

எட்டு மாதத்துக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது. கால் லேசாக அசைந்தது. கை அசையவே இல்லை. தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு சிஸ்டர் வந்து கைகாலை நீவி, மடக்கி, நீட்டிவிட்டுப் போவார்.

"கை திரும்பறதுன்னா ஒரு வருஷத்துக்குள்ள திரும்பணும் சார். அப்புறம் கஷ்டம்" என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்.

நாலு மாதம் மிச்சம் இருந்தது. அந்தக் கையைத்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். கை வந்தால் போதும், மற்றதெல்லாம் வந்துவிடும் என்று.

ரயிலைத் துணி போட்டு மூடிவைத்திருந்தேன். அவள்தான் ஓட்டச் சொன்னாள்.

"ஓட்டுங்க. சத்தம்... கேட்டா... தூக்கம் வருது."

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை ஓட்டினேன். ஒரு எஞ்சின், ஆறு பெட்டி. மூன்று நாற்பத்தொன்றுக்கு வண்டி குகைக்குள் போனது. கடகடவென்று பெட்டி இழுபடும் சத்தம். மின்சாரத்தை நிறுத்தினேன். கொக்கி வைத்த நீளக் கம்பியை எடுக்கத் திரும்பினேன்.

மலைக்குள் ஒரு சத்தம்.

க்ளிக்.

சக்கரம் தண்டவாளத்தில் சரியாக உட்கார்ந்தால் மட்டுமே வரும் சத்தம் அது. மறுபடி மின்சாரம் கொடுத்தேன். வண்டி வெளியே வந்தது. ஆறு பெட்டியும் தண்டவாளத்தில் இருந்தன.

புரண்ட பெட்டி தானாக ஏறாது. ரயில் வைத்திருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

புதன், மூன்று ஐம்பத்திரண்டு. மறுபடி கடகட. நிறுத்தினேன். மறுபடி க்ளிக். இந்த முறை கடைசிப் பெட்டி திரும்பி இருந்தது. முன்பக்கம் பின்னால்.

அவள் எப்போதும் அப்படித்தான் வைப்பாள். "எது முன்னாடி எது பின்னாடின்னு பெட்டிக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்" என்பாள்.

நான் ஓடினேன். பயத்தில் இல்லை. சந்தோஷத்தில். எழுந்து நடக்கிறாள், எனக்குத் தெரியாமல் வந்து வைத்துவிட்டுப் போகிறாள் என்றே நினைத்தேன். அடுத்த அறையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலின் தடுப்புக் கம்பி போட்டபடியே இருந்தது. போர்வை கலையவில்லை. வலது கை போர்வைக்குள் இருந்தது. தொட்டேன். ஜில்லென்றிருந்தது.

ஐந்து மணிக்கு சிஸ்டரிடம் கேட்டேன். "இவளா எழுந்து நடக்க வாய்ப்பு இருக்கா?"

"நடக்கிறதா? சார், நீங்க ரயில் விடுங்க, கதை விடாதீங்க." கையை எடுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "அக்கா கை என்ன இப்படிக் குளிருது? ஃபேனுக்கு நேரா வச்சிருந்தீங்களா?"

விரல் முதல் மணிக்கட்டு வரை குளிர்ச்சி. மணிக்கட்டுக்கு மேல் சாதாரணச் சூடு.

வியாழன், மூன்று முப்பத்தெட்டு. பெட்டி புரண்டதும் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை. வெறும் தரை. மேலே துளை. துளைக்குள் இருட்டு.

அந்த இருட்டுக்குள் க்ளிக்.

டார்ச் அடித்துக் குகை வாய் வழியாகப் பார்த்தேன். வளைவு. பாதிக்கு மேல் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன். வாயில் அச்சு எடுக்கும் மாவு ஒன்று இருக்கிறது. இளஞ்சிவப்பு நிறம். தண்ணீரில் குழைத்தால் மூன்று நிமிடத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிடும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் நான்கு நிமிடம் தாங்கும். கடைசிப் பெட்டிக்குப் பதிலாக ஒரு தட்டை வண்டியை மாட்டினேன். அதன் இரண்டு பக்கமும் மாவைக் கெட்டியாக அப்பினேன். எடை கூடினால் நிச்சயம் புரளும்.

மூன்று நாற்பத்தேழு. புரண்டது.

பத்து விநாடி ஒன்றுமில்லை.

க்ளிக்.

வண்டி வெளியே வந்தது. ஒரு பக்கம் நான்கு குழி. மறுபக்கம் ஒரு குழி.

பிளாஸ்டர் கரைத்து ஊற்றினேன். முக்கால் மணி நேரம் காத்திருந்து பிரித்தேன். ஐந்து விரல் நுனிகள் என் உள்ளங்கையில் விழுந்தன. வெள்ளையாக. நகத்தோடு.

ஆள்காட்டி விரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. தையல் மெஷின் ஊசி இறங்கிய நகம் அது. கல்யாணமான மூன்றாம் வருடம். மருந்து வைத்துக் கட்டியவன் நான்.

அவள் அறைக்குப் போனேன். விழித்திருந்தாள். வலது கையைப் போர்வையிலிருந்து வெளியே எடுத்தேன். முழங்கை வரை குளிர்ச்சி. பிளந்த நகத்தின் இடுக்கில் இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இந்தக் கை..." என்றேன்.

"அது... வேலையா... இருக்கு" என்றாள்.

சனிக்கிழமை நான் வண்டி ஓட்டவில்லை. சிஸ்டர் ஐந்து மணிக்கு வந்தார். நகங்கள் நீலம் பாய்ந்திருப்பதைக் காட்டினார். திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும் என்றார். போகும்போது வாசலில் நின்று, "போன வாரம் வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு சார். உள்ளேயிருந்து யாரோ உறிஞ்சற மாதிரி இருக்கு" என்றார்.

நான் யோசித்தேன். எல்லாரும் யோசிக்கிற மாதிரிதான் யோசித்தேன். துளை இருப்பதால் போகிறது. துளை இல்லையென்றால் போகாது. கை அவளிடமே இருக்கும்.

ஒட்டுப்பலகையில் ஒரு சதுரம் வெட்டினேன். நான்கு திருகாணி. ஒரு திருப்புளி. மேஜைக்கு அடியில் படுத்தபோது கடிகாரம் பார்த்தேன். மாலை ஆறு ஐந்து.

பலகையை வைத்து அழுத்தினேன். சமமாக உட்கார மறுத்தது. நடுவில் ஏதோ தடுப்பது போல இருந்தது. அங்கே எதுவும் இல்லை. கண்ணால் பார்த்தேன், இல்லை. முழங்காலை மடக்கி முட்டுக்கொடுத்து அழுத்தினேன். உட்கார்ந்தது.

முதல் திருகாணி.

இரண்டாவது.

மூன்றாவது.

நான்காவது பாதி இறங்கியபோது கேட்டது. பலகைக்கு மேலே. நகத்தால் தட்டுகிற சத்தம்.

டக்.

டக்... டக்.

உள்ளே வர முடியாமல் தட்டுகிறது என்று நினைத்தேன். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மிச்சத்தையும் முறுக்கினேன்.

அது ஏற்கெனவே உள்ளே இருந்தது.

ஆறு பத்தொன்பதுக்கு அவள் கூப்பிட்டாள்.

"ஏங்க."

போனேன். அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கைக்கு... இருட்டா இருக்கு."

போர்வையை விலக்கினேன். முழங்கைக்கு மேல் நாலு விரற்கடை வரை கறுத்திருந்தது. ஆம்புலன்சுக்கு போன் செய்தேன். அது வந்து சேர்ந்தபோது ஏழு பத்து.

நடுவில் ஐம்பது நிமிடம் இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. நான்கு திருகாணியைக் கழற்ற இரண்டு நிமிடம் போதும். பின்னறை வாசல் வரை போனேன். திருப்புளி கையில் இருந்தது.

மலைக்குள் தட்டிக்கொண்டே இருந்தது.

நான் உள்ளே போகவில்லை.

மறுநாள் காலை முழங்கைக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். படிவத்தில் கையெழுத்து நான் போட்டேன். அறுவை செய்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கையில எதையாவது இறுக்கிக் கட்டினீங்களா? கயிறு, ரப்பர், ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

"சுத்திலும் ஒரே கோடா இருக்கு. ஏதோ கதவு இடுக்குல மாட்டின மாதிரி. ஆனா தோல்ல ஒரு கீறல் இல்ல." படிவத்தைப் புரட்டினார். "அந்தக் கோட்டுக்குக் கீழ சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிவாக்குல ரத்தம் நின்னிருக்கணும். அப்ப யார் கூட இருந்தாங்க?"

"நான்தான்" என்றேன்.

இன்றோடு பதினோரு நாள். நான் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்குகிறேன். மாற்றுத்துணி சிஸ்டர் கடையில் வாங்கிவந்து தருகிறார். வீட்டைப் பூட்டியது நான். சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வந்தேன்.

வெட்டி எடுத்த கை வலிக்கும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். நரம்புக்கு அது தெரியாதாம். அரிக்கும், எரியும், விரல் மடங்கியிருப்பது போலத் தோன்றும். எல்லாருக்கும் அப்படித்தானாம். மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடுமாம்.

கொடுத்தார்கள். சரியாகவில்லை.

இன்று அவள் பேச்சில் தடங்கல் இல்லை. எட்டு மாதத்தில் முதல்முறை. டாக்டர்கூட நல்ல அறிகுறி என்றார். அவர் போன பிறகு இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தோளுக்குக் கீழே, கட்டுப் போட்டிருந்த இடத்துக்குக் கீழே, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வண்டி வந்து வந்து விரல்ல இடிக்குதுங்க. வீட்டுல யாரு ஓட்டுறா?"