மொட்டையில் வரைந்த மூளை

படிப்பு என் மண்டையில் ஏறாது என்று எங்கள் தாராவி சந்தில் எல்லோரும் சொல்வார்கள். நாலாம் வகுப்பை இரண்டு தடவை படித்துவிட்டு, மூன்றாம் தடவை வாத்தியார்மேல் இரக்கப்பட்டுப் படிப்பை நிறுத்திக்கொண்டவன் நான். ஆனால் ஒரே ஒரு நாள், ஒரு பாடம் முழுசாக என் மண்டையில் ஏறியது. மேலேதான் ஏறியது. உள்ளே போகவில்லை.

அக்கா அப்போது பத்தாம் வகுப்பு. பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அப்பா ஏற்கெனவே தீர்ப்பு சொல்லியிருந்தார்: "பரிசு வாங்கிட்டு வந்தா மேல படி. இல்லன்னா பரீட்சை முடிஞ்சதும் அத்தைகூட தையல் மெஷின்ல ஒக்காரு."

அக்கா மூளையும் தண்டுவடமும் செய்தாள். பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, ஒரு வாரம் பிசைந்து மடிப்பு மடிப்பாக எடுத்த மூளை. என்னுடையதைவிடப் பெரிது என்று அவளே சொன்னாள். காய்வதற்காகக் கட்டிலடியில் வைத்திருந்தாள்.

எங்கள் குழாயில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். டிரம்மில் ரப்பர் பைப்பைப் போட்டு, நிறையும்வரை காவல் இருப்பது என் வேலை. கண்காட்சி நாளன்று டிரம்மில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டேன். விழித்தபோது வீட்டுக்குள் செருப்புகள் மிதந்தன. மூளை கரைந்து கூழாகிக் கிடந்தது. எங்கும் வெந்தய வாசம்.

அக்கா அழவில்லை, அடிக்கவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. என் தலையையே பார்த்தாள். போன வாரம்தான் மாரியம்மனுக்கு மொட்டை போட்டிருந்தார்கள். முன்பு நான் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா வேண்டிக்கொண்டதாம். அந்தக் காய்ச்சலில் எனக்கு நினைவிருப்பது பக்கத்துக் கட்டில்காரர் உரித்துத் தந்த சாத்துக்குடி மட்டும்தான்.

"சட்டையக் கழட்டுல."

"எதுக்கு?"

"மூளையக் கரைச்சேல்லா. இனி நீதாம்ல மூளை."

ஸ்கெட்ச் பேனாக்களை எடுத்தாள். உச்சியில் சிவப்பில் பெருமூளை, பின்மண்டையில் பச்சையில் சிறுமூளை, பிடரியில் நீலத்தில் முகுளம், அங்கிருந்து இடுப்புக்குச் சற்று மேல்வரை மஞ்சளாய் இறங்கிய தண்டுவடம். கூச்சத்தில் நெளிந்தேன். "அசையாதல, தண்டுவடம் கோணலாப் போகுது." நடுவில் பேனா சற்று நேரம் நின்றது. அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடி ஓடியது.

சட்டையில்லாமல் சந்தில் நடந்தேன். டீக்கடை அண்ணாச்சி கேட்டார்: "என்னல, முதுகுல ஹார்பர் லைன் ரயில் மேப்பா?"

பள்ளியில் மற்றவர்கள் எரிமலையும் காற்றாலையும் வைத்திருந்தார்கள். பரிசு முடிவு செய்ய வந்த சார் கையில் ஃபைலோடு நின்றார். "மாடல் எங்கம்மா?"

"இவன்தான் சார்." என்னைத் திருப்பி நிறுத்தினாள். "இது பெருமூளை. யோசிக்க, ஞாபகம் வெச்சுக்க. இவன்கிட்ட அவ்வளவா ஓடாது சார். இது சிறுமூளை, விழாம நிக்க." ஒற்றைக்காலில் நின்று காட்டினேன். "இது முகுளம். மூச்சையும் இதயத் துடிப்பையும் பாத்துக்கும். நாம தூங்கினாலும் இது தூங்காது. பைப்புக்குக் காவல் வெச்சா இதைத்தான் வெக்கணும்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. என்னை மேசையில் உட்காரவைத்து, சப்பாத்திக் கட்டையால் முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டு தட்டினாள். என் கால் துள்ளிப் போய் சாரின் ஃபைலைத் தட்டிவிட்டது. காகிதமெல்லாம் தரையில்.

"அவனத் திட்டாதீங்க சார். அது அவன் பண்ணல. மூளைக்குச் சேதி போகுமுன்னாலயே தண்டுவடம் பண்ணிட்டு."

சார் கண்ணாடியைச் சரிசெய்தார். "ஏக் பார் அவுர், இன்னொரு தடவை," என்று கட்டையை வாங்கி அவரே தட்டினார். மறுபடி உதை, இந்த முறை அவர் வயிற்றில். முதல் உதை தண்டுவடத்துடையது. இரண்டாவது, இன்றுவரை அக்காவிடம்கூடச் சொன்னதில்லை, என்னுடையது.

சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதல் பரிசு.

திரும்பும்போது சட்டையைத் தோளில்கூடப் போட மறுத்துவிட்டேன். முன்னால் கேடயத்தோடு அக்கா, பின்னால் மூளையோடு நான். அப்பா கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அத்தைட்ட சொல்லிரு, மெஷினுக்கு வேற ஆளப் பாக்கட்டும்." ஒரு வாரம் நான் குளிக்கவில்லை.

சில வருஷம் கழித்து அக்காவும் மெஷினில்தான் உட்கார்ந்தாள். செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில், மூளையைப் படமெடுக்கும் மெஷின். அவளை என் ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிவந்த ஒரு நாள் கேட்டேன், எல்லோரும் எரிமலை செய்தபோது நீ ஏன் மூளையைப் பிடித்தாய் என்று.

"ஒனக்கு வந்தது மூளைக்காய்ச்சல்லா. டாக்டர் ஹிந்தில என்னமோ சொன்னாரு. அப்பாவுக்கும் புரியல, அம்மாவுக்கும் புரியல. ரெண்டு நாளா நீ கண்ணத் தொறக்கல. உள்ள என்னதான் இருக்குன்னு பாக்கணும்னு அப்பவே நெனச்சேன்."

பச்சை சிக்னல் விழுந்தும் வண்டியை எடுக்காமல் இருந்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அன்று காலை என் மொட்டையில் பேனா நின்றபோது, அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்றுதான் நினைத்தேன். நானும் சேர்ந்து சிரித்தேன்.