தியேட்டர் கட் தங்கராசு அண்ணன்

தங்கராசு அண்ணன் இறந்துவிட்டார்.

சத்தீஸ்கரில், ரிக் வண்டி நின்ற இடத்திலேயே நெஞ்சுவலி. முந்தாநாள் செய்தி வந்தது. இன்று காலை அவர் ஊரான புதுச்சத்திரத்துக்கு உடலைக் கொண்டுவந்தார்கள். போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன்...

நம் சயின்ஸ் பிக்‌ஷன் குரூப்பில் இருப்பவர்களுக்கு அவரைத் தெரியும். போர்வெல் ரிக்கில் ட்ரில்லர். வருஷத்தில் பத்து மாதம் வடக்கே. மழை பிடித்தால்தான் ஊர்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பழைய ஆங்கிலப் படம். பெயரைச் சொன்னால் கமெண்டில் மறுபடி சண்டை ஆரம்பிக்கும், வேண்டாம். விண்கலத்தில் தனியாகப் போகிற ஒருவனின் கதை. தியேட்டரில் வந்த வடிவத்தில் அவன் பூமிக்குத் திரும்பிவிடுவான். பிறகு டைரக்டர் வெளியிட்ட நீளமான வடிவத்தில் திரும்ப மாட்டான்.

நான் டைரக்டர் கட் கட்சி. பள்ளியில் பிசிக்ஸ் நடத்துகிறவள். கலத்தில் மிச்சமிருக்கும் எரிபொருளுக்கு அவன் திரும்பி வரவே முடியாது என்று கணக்குப் போட்டு, குரூப்பில் ஒரு நீளமான பதிவு எழுதினேன்.

கீழே முதல் கமெண்ட் அவருடையது.

"ஏனுங்க டீச்சர், அவன் ஊட்டுக்கு வரோணும்னுதானுங்க ரெண்டு மணி நேரம் உக்காந்து பாக்கறோம். டீசல் பத்தலீன்னு பாதியில உட்டுப்போட்டா எப்படிங்க?"

கோபம்தான் வந்தது. பதில் எழுதினேன். அவரும் எழுதினார். நாலு வருஷம் இப்படியே ஓடியது...

ஒருமுறை பள்ளி இடைவேளையில் போன் வந்தது. பின்னால் கம்ப்ரெஸர் சத்தம். கத்திக்கத்திப் பேசினார். "டீச்சர், மறுக்காப் பாத்தனுங்க. கலத்தத் திருப்பறப்ப அவனுக்குக் கை நடுங்குதுங்க. நீங்க கவனிச்சீங்களா?"

நான் கவனித்ததில்லை. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். நடுங்கியது.

இத்தனைக்கும் டைரக்டர் கட்டை அவர் முழுசாகப் பார்த்ததே இல்லை! அது எனக்குத் தெரிந்த அன்று அவரை விட்டேனா?

"சரிங்க, இந்த மழைக்கு ஊருக்கு வாரேன். ஊட்டுக்கே வாங்க. ரெண்டையும் போட்டுப் பாத்துப்போடலாம்" என்றார்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குரூப்பிலிருந்து மூன்று பேர் போனோம். பட்டப்பகல். ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டி, ஹாலை நிஜமாகவே தியேட்டர் ஆக்கி வைத்திருந்தார். அவர் மனைவி சரோஜா அக்கா சுடச்சுடப் பஜ்ஜி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

முதலில் அவருடைய படம். அவன் திரும்பி வந்தான். அண்ணன் கை தட்டினார்.

அடுத்து என்னுடையது. டைரக்டர் கட்டில் அவன் மனைவி வீட்டிலிருந்து அனுப்பும் செய்திகள் படம் முழுக்க வரும். அவனால் பதில் அனுப்ப முடியாது. தியேட்டர் கட்டில் அவள் கடைசியில் வாசலில் நிற்பாள், அவ்வளவுதான்.

தட்டை எடுக்க வந்த சரோஜா அக்கா அப்படியே நின்றுவிட்டார். "அந்தப் புள்ள என்ன சொல்லுது அம்மணி?" என்று கேட்டார்.

நான் தமிழில் சொன்னேன். இங்கே மழை வந்துவிட்டது என்கிறாள். கதவு ஊறிப்போய்ச் சாத்த முடியவில்லை என்கிறாள். உங்களுக்கு இப்போது என்ன மணி என்று கேட்கிறாள்...

அக்கா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

படம் முடிந்ததும் கேட்டார். "அந்த இன்னொரு படத்துல இது பேசறதையெல்லாம் வெட்டிப்போட்டாங்களா?"

"ஆமாங்கக்கா."

"அவன் வந்துட்டா போதும்னு வெட்டிட்டாங்களாட்ட இருக்குது."

அண்ணன் எழுந்து ஒவ்வொரு தார்ப்பாயாக அவிழ்த்தார். ரொம்ப நேரம் அவிழ்த்தார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன். குரூப்பில் வேறு போட்டேன், 'தியேட்டர் கட் அவுட்' என்று. அதை இப்போது நினைத்தால்...

மறுநாள் அவர் எழுதியது இரண்டே வரி. "டைரக்டர் கட் நல்ல படந்தானுங்க. ஆனா நா இனி அதப் பாக்கமாட்டனுங்க."

மழை விட்டதும் மறுபடி ரிக்குக்குக் கிளம்பிவிட்டார். அதன்பிறகு குரூப்பில் சண்டைக்கே வரவில்லை. நான் வேண்டுமென்றே வம்பிழுத்துப் பார்த்தேன். ஒரு கும்பிடு ஸ்மைலி மட்டும் வரும்.

அந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது இன்றுதான் தெரிந்தது. தினமும் வேலை முடிந்ததும் அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார். முன்பெல்லாம் வாரம் ஒரு போன், அதுவும் ரெண்டு நிமிஷம்தானாம். அக்கா ஒன்றைப் போட்டுக் காட்டினார்.

"சரோசா, இன்னிக்கு முந்நூறு அடியில தண்ணி வந்துருச்சு. சோறு உண்டாச்சு. இங்க மணி ஏழு. உனக்கும் ஏழுதான், தெரியும்... சும்மா சொன்னேன்."

கூட்டத்தில் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. எழுந்தேன். அக்கா என் கையை விடவில்லை.

"அம்மணி, அந்தப் படம் உங்கிட்ட இருக்குதா?"

"நாம சேந்து பாத்தமே, அதுங்களாக்கா?"

"அது வேண்டாம். அவரு பாக்கறது. அதப் போட்டுக் குடு."

பென் டிரைவில் ஏற்றி வைத்துவிட்டேன். காரியம் முடியட்டும், நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

குரூப்பைத் திறந்தால் கை உங்கள் பெயரைத்தான் தேடுகிறது அண்ணா... ஒரே ஒரு கமெண்ட் போட்டிருக்கக் கூடாதா?

போய் வாருங்கள்.