ஓடிய மாடு நின்ற படம்

புதுக்கோட்டையில் நாங்கள் ஸ்டுடியோ வைத்திருந்த காலம், ஐம்பதுகளின் நடுவில், என் வீட்டுக்காரர் மலேயாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் கேமரா ஒன்று வாங்கி வந்தார். ஓடுகிற எதையும் இது பிடித்துவிடும் என்று விற்றவர் சொன்னாராம். எங்கள் பழைய பெட்டிக் கேமரா முன்னால் யாராவது தும்மினாலே படம் அசைந்துவிடும். சொன்னதை அப்படியே நம்பிவிட முடியுமா? சோதித்துப் பார்க்க ஓடுகிற ஆள் வேண்டும். வேறு யார் அகப்படுவார்கள், நான்தான் அகப்பட்டேன்.

கொல்லையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிணற்றடியிலிருந்து வேலி வரைக்கும் ஓடினேன். பத்தாது, இன்னும் வேகம் என்றார். மறுபடி ஓடினேன். அடுத்த வீட்டுக்காரி சுவருக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்ததில் என் மானமே போயிற்று. கடைசியில் மூச்சு வாங்க வேலியைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் நீங்களே ஓடி நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கத்திவிட்டேன்.

பிலிமைக் கழுவிப் பார்த்தால், சேலைக் கட்டம் வரைக்கும் துல்லியமாக விழுந்திருந்தது. அவர் குதிக்காத குறை. எனக்கோ ஒன்றும் பிடிபடவில்லை. படத்தில் நான் ஒரு காலை ஊன்றி, எதையோ எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அப்படி ஓடியவள் எங்கே போனாள்? கேட்டதற்கு, "ஓடுனதத்தான் புடிச்சிருக்கு, ஒனக்குத்தான் பாக்கத் தெரியல" என்றார்.

அந்தத் தெம்பில் அரிமளம் பக்கம் நடந்த மாட்டுவண்டிப் பந்தயத்துக்குக் கேமராவோடு கிளம்பினார். நானும் போனேன். வழியில் இருந்த சின்னப் பாலத்தருகே நின்றோம். முந்தின நாள் மழை, தூசியே இல்லை. முன்னால் வந்த வண்டியின் சக்கரம் பாலத்துச் சுவரில் உரசியது. அந்த நேரம் பார்த்து இவர் படம் எடுத்தார். வண்டி பின்தங்கி, இரண்டாவதாகப் போய்ச் சேர்ந்தது. மாடு மட்டும் நிற்கவே இல்லை. என் கண்ணால் பார்த்தேன்.

ஜெயித்தவர்கள் வேறு கதை கட்டினார்கள். இடது பக்கத்து மாடு பாலத்தில் சண்டித்தனம் பண்ணி நின்றுவிட்டதாம். மாட்டுக்குச் சண்டி என்று பெயர் விழுந்தால் போச்சு, பிறகு அதைக் கறிக்கடைக்காரனைத் தவிர யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். மாட்டுக்காரர் கந்தர்வக்கோட்டைப் பக்கத்து விவசாயி. கன்றிலிருந்து அதைக் கையில் வைத்து வளர்த்தவர். அவர் பந்தயம் முடிகிற இடத்தில் நின்றிருந்ததால் பாலத்தில் நடந்ததைப் பார்க்கவில்லை. மாடு நிற்கவில்லை, படமும் எடுத்தார்கள் என்று வண்டியோட்டி சொன்னதை நம்பி மறுநாளே ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். படத்தை ஊர்க்காரர்களிடம் காட்டி அவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்றார்.

இருட்டறையில் படம் மெல்ல எழும்பி வந்தது. சக்கரத்தின் ஆரக்கால்களை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. மாடு முன்னங்கால் இரண்டையும் தரையில் ஊன்றித் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. சண்டி மாடு எப்படி நிற்குமோ அப்படியே நின்றது.

மாட்டுக்காரர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபப்பட்டிருந்தாலும் பரவாயில்லை.

"நின்னுருச்சு போலருக்கேங்க" என்றார்.

இவர் என்னென்னவோ விளக்கினார். கண் இமைப்பதற்குள் எடுத்தது, அடுத்த இமைப்பில் கால் மேலே போயிருக்கும் என்றெல்லாம் சொன்னார். அவர் காதில் ஏறவில்லை. எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. உள்ளே போய், கொல்லையில் எடுத்த என் படத்தைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தேன்.

"இதுல நான் ஓடுறேனா நிக்கிறேனா, நீங்களே சொல்லுங்க."

படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"நிக்கிறீங்க தங்கச்சி."

மாட்டை அடுத்த சந்தையில் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். யாருக்கு என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அது ஓடியதைப் பார்த்தவள் நான். ஆனால் இப்போது அந்தப் பாலத்தை நினைத்தால், எவ்வளவு முயன்றாலும், மாடு நிற்கிறது.